சைக்கிள் கேரியர்

பாட்டியாலா
12.12.1988

நைனாவுக்கு, பூங்காவனம் வணங்கி எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா?

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிராஸ் கண்ட்ரி ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தேன். ஒரு மாதமாகவே கால் வலி. சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று கோச்சிடம் மறைத்துவிட்டேன். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கால் எலும்பு முறிந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, எனக்கென்று சோறு வடித்துத் தருகிறார்கள். இனி ஓடக் கூடாதாம். அம்மாவிடம் சுளுக்கு என்று சொல்லுங்கள்.

பொங்கலுக்கு வருகிறேன். பூந்தமல்லி வரை தோழி துணைக்கு வருவாள்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நான் ஓடும்போது, "இன்னாமா, அதுக்குள்ள மூச்சு வாங்குது?" என்று சைக்கிளில் துரத்திக்கொண்டே வருவீர்கள். எனக்கு ஈடுகொடுக்க, கனம் என்று கேரியரைக் கழற்றிப் போட்டீர்களே, அதைத் திரும்ப மாட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வாருங்கள்.

தபால்காரர் நிற்கிறார்.

பூங்காவனம்