மூன்று மணிக்கான ஐஸ்

4-8-2006, வெள்ளி

ஆடிக் காற்று. வாசல் முழுக்கப் புழுதி. இரண்டு முறை பெருக்கியாயிற்று. அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை ஐந்துக்கே. பி.பி. மாத்திரை நான்குதான் பாக்கி.

பத்தரைக்கு மெட்ராஸிலிருந்து போன். அங்கே வேலை பார்க்கும் ஜப்பான்காரர், கென்ஜியின் நண்பர். கென்ஜியின் அக்கா வருகிறாராம். பத்தாம் தேதி, வியாழன். தம்பியின் சாமான்களை எடுத்துப் போக.

கென்ஜியைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரி இல்லை. மே மாதத்தில் பதினோரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நம் மாடி அறையில் எட்டு மாதம் குடியிருந்தவர். வயது முப்பத்து நாலு. கத்திரி வெயிலில் கிரிவலம் போய், மலையை ஒட்டிய காட்டுவழியில் விழுந்து இறந்தார். இவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. மூன்று மாதமாகக் கை வரவில்லை.

போனில் இன்னொரு விஷயம். தினமும் மூன்று மணிக்குத் தம்பி ஐஸ் போட்டுக் குடித்த பச்சை நிறப் பாலை அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒரு முறை குடிக்க வேண்டுமாம் அக்காவுக்கு. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி இருந்ததாம், 'சார் வீட்டு ஐஸ்' என்று. துக்கத்தோடு வருகிறவரிடம் நீங்களே கலக்கிக் குடியுங்கள் என்று சொல்ல முடியுமா? நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கமலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்குப் பால் காய்ச்சவே தெரியாது" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு வேற எதனா கேட்டுச்சா?"

இல்லை என்றேன்.

5-8, சனி

மாடி அறையைத் திறந்தேன். அனல். சாமான் விவரம்:

பை 1. கம்பளி 1. வேட்டி 2 (ஒன்று நான் கொடுத்தது). புத்தகம் 6. அகல வாய் மண் கிண்ணம் 1. மூங்கிலை நார் நாராகச் சீவிச் செய்த சின்ன மத்து 1. மூங்கில் கரண்டி 1. டீ வடிகட்டி 1 (நம்முடையது). பச்சைப் பொடி டப்பா, கால்வாசி.

பொடியின் பெயர் மாட்சா. தேயிலைதான், நிழலில் வளர்த்து மாவாக அரைப்பார்களாம். பாலும் ஐஸும் சேர்ந்தால் 'மாட்சா லாத்தே'. முதல் நாள் பார்த்துவிட்டுக் கமலா பதறி வந்தாள்: "மருதாணிப் பொடியைப் பால்ல போட்டுக் குடிக்கிறாருங்க." மளிகைக் கடை சாதிக் பாய் கென்ஜியிடமே கேட்டார்: "தம்பி, இது தாடிக்குப் புடிக்குமா?" கென்ஜி சிரிக்காமல் ஒரு கரண்டி மடித்துக் கொடுத்தார். பாயின் தாடி மூன்று நாள் பச்சை என்று தெருவில் பேச்சு. பாய் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிற்பகல் பரிசோதனை.

முயற்சி 1: கமலா சொன்ன வழி. "டீத்தூள்தானே? கொதிச்சாத்தான் எறங்கும்." பாலில் போட்டுக் கொதிக்கவைத்தோம். கீரை மசியல் வாடை. கொட்டியாயிற்று.

மு. 2: ஜில்லென்ற பாலில் நேராகப் பொடி. கட்டி கட்டியாக மிதந்தது. எ.கா. கடைசி பெஞ்சுப் பையன்கள்: கூட்டமாகவே இருப்பார்கள், பாடத்தோடு கலக்க மாட்டார்கள்.

மு. 3: கொதிக்கும் நீரில் அடித்து, பிறகு பால். நுரை வந்தது. கசப்பு.

இது கரைசல் இல்லை, தொங்கல். சர்க்கரை நீரில் கரையும். சாக்பீஸ் பொடி கரையாது; கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், பிறகு அடியில் போய் உட்காரும். எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்தியது. கென்ஜியிடமும் விளக்கினேன். "அதனால்தான் போட்டவுடன் குடிக்க வேண்டும், சார்" என்றார் அவர் இங்கிலீஷில்.

மூன்று கரண்டி வீண். அவர் கையால் இனி ஒரு கரண்டி வரப்போவதில்லை. நாளைக்குத் தொடக்கூடாது.

6-8, ஞாயிறு

மூன்று மணிக்கு அந்தச் சத்தம்.

மாடி அறையிலிருந்து. மண் கிண்ணத்தில் மூங்கில் வேகமாக உரசும் சத்தம். ஒரு நிமிடம் இருக்கும். நின்றுவிடும். மே மாதக் கடைசியிலிருந்து இப்படி. இதுவரை ஆராய்ந்தவை:

(1) தென்னை மட்டை கூரை ஷீட்டில் உரசுவது. ஜூனில் மட்டையை வெட்டியாயிற்று. சத்தம் நிற்கவில்லை.

(2) அணில். அது காலையிலும் ஓடுகிறதே.

(3) வெயிலில் ஷீட் விரிவது. எ.கா. தண்டவாளத்தில் இடைவெளி விடுவது. பொருந்துகிறது. ஆனால் மழை பெய்த நாளிலும் கேட்டது.

(4) என் காது.

நாலாவதுதான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். இன்று கமலா கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் தொடங்கியதும் அவள் விரல்கள் நின்றன. சத்தம் ஓய்ந்ததும் மறுபடி பொறுக்கினாள். தலை நிமிரவில்லை.

"கேட்டுச்சா?" என்றேன்.

"ரெண்டரை மாசமா கேக்குது. உங்களுக்குக் கேக்கலைன்னு நெனச்சிருந்தேன்."

உடனே மேலே போய்ப் பார்த்தேன். கிண்ணம் கவிழ்த்து வைத்தபடி. மத்து காய்ந்து போய். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. எதற்காகப் பார்த்தேன்.

7-8, திங்கள்

மாத்திரை வாங்கினேன். பால்காரர் வரவில்லை, பாக்கெட் பால்.

ஒன்று நினைவுக்கு வந்தது. கென்ஜி வெந்நீரை டவராவிலும் டம்ளரிலும் மாற்றி மாற்றி ஆற்றுவார். ஆசிரமத்துக்கு எதிரே டீக்கடையில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் டீ மாஸ்டர் மாதிரி கையை உயரத் தூக்கி ஆற்றப்போய்ப் பாதி தரையில். கமலாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு தானே துடைத்தார்.

மு. 4: பொடியை வடிகட்டியில் சலித்து, ஆறிய வெந்நீர் கொஞ்சம் விட்டு, மத்தால் அடித்து, ஐஸ் போட்ட பாலின் மேல் மெதுவாக ஊற்றல். சரியாக வந்தது. மேலே பச்சை, கீழே வெள்ளை. கசப்பு கம்மி, முடிவில் ஒரு தித்திப்பு. நிறம் மட்டும் வரவில்லை. அவர் போட்டது நெல் நாற்று மாதிரி இருக்கும். என்னுடையது காய்ந்த துளசி. மூன்று மாதம் ஷீட்டுக்கு அடியில் வெந்த பொடி வேறெப்படி இருக்கும்.

கமலா ஃப்ரீசரைத் திறந்து நின்றாள். "உள்ள ஐஸ் மலையா ஏறிக் கெடக்குது. இந்த டிரேயை எடுத்துக் கொட்டிட்டு டீஃப்ராஸ்ட் போட்டுடவா?"

"வேணாம்."

கென்ஜியின் டிரே. ரப்பர் மாதிரி வளையும், நட்சத்திரக் குழிகள். ஊரிலிருந்து கொண்டுவந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் நட்சத்திரங்கள் உருகி உறைந்து முனை மழுங்கிவிட்டன. இதை நான் மூன்று மாதமாகக் கொட்டவில்லை, கொட்ட விடவும் இல்லை.

"அந்தப் பொண்ணு ஃப்ரிட்ஜைத் தெறந்து பாத்து கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள்.

9-8, புதன், பௌர்ணமி

நேற்று எழுதவில்லை. செங்கம் ரோட்டில் மதியத்திலிருந்தே கிரிவலக் கூட்டம். எங்கே பார்த்தாலும் வெறுங்கால்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

நாளை வந்துவிடுவார். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

அன்று காலை பதினொன்றரை. நான் குழாயடியில் செடிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கென்ஜி கீழே வந்தார். சமையலறைக் குழாயில் அந்த டிரேயை நிரப்பி ஃப்ரீசரில் வைத்தார். வெளியே வந்து எனக்கு மூன்று விரல் காட்டினார். "த்ரீ ஓ கிளாக், சார்." காலில் செருப்பு இல்லை. தலையில் துண்டு இல்லை. கையில் தண்ணீர் பாட்டில் இல்லை.

இன்று வேண்டாம், சாயந்திரம் போங்கள் என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. அதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டார். கிளம்பிவிட்ட ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும். நாலு வயதில் எனக்குள் ஏறியது. பூனை குறுக்கே போன நாட்களில் என்ன கெட்டது நடந்தது என்று ஒரு மாதம் எழுதி வரச் சொல்லி வகுப்புக்கே பாடம் நடத்தியவன் நான். முப்பத்திரண்டு வருடம். அன்று நாக்கு எழவில்லை.

நாலு மணிக்கு ஆடு மேய்ப்பவர் பார்த்திருக்கிறார். உயிர் இல்லை.

எஸ்.ஐ. வந்து கேட்டார்: "எத்தினி மணிக்குப் போனாருன்னு பாத்தீங்களா சார்?" நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, ஏன் தடுக்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று ஒரு சயன்ஸ் வாத்தியார் எப்படிச் சொல்வது? போலீஸ் காகிதத்தில், புறப்பட்டதை எவரும் பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். கமலா அப்போது வாசற்படியில் நின்றிருந்தாள். கென்ஜி போனபோதும் அங்கேதான் நின்றிருந்தாள்.

இன்று காபி கொடுக்கும்போது: "நாளைக்கும் தூங்கினேன்னுதான் சொல்லப் போறீங்களா?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க. நான் உள்ள போயிடறேன். இன்னொரு வாட்டி நின்னு கேக்க என்னால ஆவாது."

10-8, வியாழன்

காற்று இல்லை. புழுக்கம். பன்னிரண்டுக்கு டாக்ஸியில் வந்தார். பெயர் யூகோ. நாற்பது இருக்கும். கென்ஜியின் நெற்றி. கமலாவைக் குனிந்து வணங்கினார். கமலா அதைவிடக் குனிந்தாள். மோர், தயிர்சாதம், வாழைக்காய் வறுவல். நன்றாகச் சாப்பிட்டார். மாடியில் ஒரு மணி நேரம் தனியாக.

மூன்று மணிக்குச் சமையலறையில் வெந்நீரை ஆற்றினேன். பக்கத்தில் நின்று பார்த்தார். இது தம்பி செய்தது என்றேன். வாயைப் பொத்திச் சிரித்தார். மத்தால் அடித்தேன். மேலேயும் அதே சத்தம் வந்ததோ இல்லையோ, என் கைச் சத்தத்தில் பிரித்தறிய முடியவில்லை.

ஐஸுக்காக ஃப்ரீசரைத் திறந்தேன். புது ஐஸ் முன்னால் வைத்திருந்தேன். அவர் கை அதைத் தாண்டிப் போயிற்று.

"இது எங்கள் வீட்டு டிரே." பிறகு, "யார் தண்ணீர் ஊற்றியது?"

"உங்கள் தம்பி."

"எப்போது?"

"அன்றைக்கு."

"அன்றைக்கு எப்போது? அவனை யாரும் பார்க்கவில்லை என்று காகிதத்தில் இருக்கிறதே."

கமலா உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். எல்லாம் என் இங்கிலீஷில், உடைந்து உடைந்து. குழாயடி, மூன்று விரல், வெறுங்கால், பின்னால் கூப்பிடாதது, போலீஸிடம் சொன்னது. மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அதைக் கேட்க எனக்கு என்ன பாத்தியதை.

அவர் கோபப்படவில்லை. டிரேயைத்தான் பார்த்தார். வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கிளம்பும்போது கென்ஜி அம்மாவிடம், களைத்துவிட்டேன் என்று சொன்னாராம். ஏப்ரலுக்குப் பிறகு கடிதம் இல்லை. தண்ணீர் இல்லாமல், ஒருவரிடமும் சொல்லாமல் அந்த வெயிலில் போயிருக்கிறான் என்றதும், திரும்பி வரக்கூடாது என்றே போயிருக்கிறான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். யூகோவும் அப்படியே.

"மூன்று மணிக்குக் குடிக்க ஐஸ் வைத்துவிட்டுப் போனானா?" என்று கேட்டார். இன்னொரு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

டிரேயை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐஸ் உருகிப் பாவாடை நனைந்தது. கமலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அழும்மா" என்றாள். தமிழில்தான்.

என் குற்றத்தை மறைத்ததாக நினைத்திருந்தேன். மூன்று மாதம் ஒரு தாயிடமிருந்து எதை மறைத்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இதற்கு ஓர் எ.கா. தேடினேன். கிடைக்கவில்லை.

பிறகு யூகோ தானே எழுந்து மழுங்கிய நட்சத்திரங்களை மூன்று கிளாஸில் போட்டார். பொடி அதற்குள் அடியில் உட்கார்ந்திருந்தது. மறுபடி அடித்தேன். மாடிக்குப் போய்க் குடித்தோம். கமலா மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள்.

11-8, வெள்ளி

யூகோ மாடி அறையிலேயே தங்கினார். இரவு மழை, ஒரு தூற்றல்.

காலை பத்துக்கு மூவரும் சாதிக் பாய் கடை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனோம், அம்மாவுக்குப் போன் பேச. ஜப்பானில் அப்போது மதியம் ஒன்றரை. பாய் விசிறியைப் போட்டுவிட்டு, "பேசுங்க வாத்தியார் சார்" என்று வெளியே போய் நின்றார்.

யூகோ நெடுநேரம் பேசினார். ஐஸ் என்ற சொல் எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் அழுகை. பிறகு அம்மா என்னைக் கேட்கச் சொல்கிறார் என்றார். அம்மா கேட்கக் கேட்க யூகோ இங்கிலீஷில் சொன்னார். நான் பதில் சொன்னேன்.

எப்படி நடந்தான்? வேகமாக, வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி.

கால் சுட்டதா? சுட்டிருக்கும். தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் நடந்தார்.

திரும்பிப் பார்த்தானா?

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யூகோ என் முகத்தைப் பார்த்தார்.

முந்தாநாள் இதே நோட்டில் எழுதினேனே, கேட்டைத் தாண்டிவிட்டார் என்று, அதோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை.

"பார்த்தார்" என்றேன். "தெரு முனையில் நின்று, முழுக்கத் திரும்பி, கை காட்டினார். நானும் காட்டினேன்."

யூகோ சொன்னார். அந்தப் பக்கம் அம்மா ஏதோ இரண்டு முறை சொன்னார். எனக்கு நன்றியாம். பிள்ளைக்குக் கை காட்ட ஓர் ஆள் இருந்தது பெரிய ஆறுதலாம்.

கமலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியிலிருந்து அவளுக்குக் கேட் வரைதான் தெரியும்.

"இந்தப் பக்கம் பாத்துக்கிட்டா நின்னாரு? எவ்ளோ நேரம்?"

"தண்ணி எடுத்துக்கிட்டுப் போங்கன்னு முகம் பாத்துச் சொல்ற அளவுக்கு" என்றேன்.