உடையாமல் வரும் முட்டைகள்

என் செல்ல நைனாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கரி ரயிலில் முட்டைக் கூடை இன்னமும் என் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. இப்போது அம்மா கொண்டுவருகிறாள். ஒன்றுகூட உடைவதில்லை.

நீ கொண்டுவந்தபோது வாரத்துக்கு இரண்டு முட்டையாவது நசுங்கியிருக்கும். குஞ்சு பொரிக்கிற முட்டைக்கு நாங்கள் நாயாய் அலைகிறோம், உனக்கு விளையாட்டாய்ப் போச்சா என்று ஒருநாள் கத்திவிட்டேன். நீ சிரித்தாய். பட்டறையில் தகடு மணிக்கட்டு நரம்பை அறுத்த பிறகு எதை எவ்வளவு அழுத்துகிறோம் என்று உன் விரல்களுக்குத் தெரிவதில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பாவி நான்.

அந்த வெட்கத்தில்தான் உன்னை உள்ளே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். கோழிக்கருவிலிருந்து எடுத்த, கடுகைவிடச் சின்ன நரம்பு முடிச்சுகள். ஒரு தட்டில் சும்மா வைத்தது மொட்டையாகக் கிடந்தது. இன்னொன்றில் எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து பிரித்த புரதம் ஒரு துளி விட்டிருந்தோம். அது செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே சேதி அனுப்பும். ஒரே நாளில் அந்த முடிச்சு சுற்றிலும் இழை இழையாகக் கிளைவிட்டிருந்தது.

எலி எச்சிலுக்கு இவ்வளவு மவுசா என்று கேலி செய்தாய். பிறகு கையை நீட்டினாய்.

"இத்த என் கையில உட்டா வெரலு வந்துடுமாம்மா?"

தட்டில் நடப்பது உடம்பில் நடக்குமா, அறுந்த நரம்புக்கு யார் வழி காட்டுவது, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "பார்க்கலாம் நைனா" என்றேன். அதை நம்பி இரண்டு வருஷம் கூடை சுமந்தாயே.

கடைசியில் நெஞ்சுவலியோடு படுத்திருந்தபோது, "லேசா உணர்ச்சி வர்ற மாதிரி கீதும்மா" என்றாய். அப்போது அந்தக் கையின் சுண்டுவிரலை ஒரு கட்டெறும்பு கடித்துக்கொண்டிருந்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எறும்பைத் தட்டிவிட்டு, அப்படியா என்றேன்.

நிஜமாகவே நம்பினாயா நைனா? இல்லை, என்னைத் தேற்றினாயா?

நேற்று அம்மா கேட்டாள்: "இன்னும் கொஞ்ச நாளு இருந்திருந்தா உங்க நைனாவுக்குக் கை வந்துருக்குமில்ல?" கூடையைப் பிரிப்பதுபோல் குனிந்துகொண்டேன். என்னால் வேறென்ன செய்ய முடிந்தது?

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்து, தெரியாதும்மா என்று சொல்லிவிடுவேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அது.

உனக்குப் "பார்க்கலாம்" சொன்ன மகள்,
வசந்தா