ஆள் நுழையாத ஓட்டை

கோலா கெத்தில்
ஆடி மாதம், 1943

அன்பு மகள் குணவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனோகரனும் மாரியாத்தா புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகந்தானா.

மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று நாக்கு செத்துவிட்டது, அதை விடு. சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடிக்கிறான், போனவர் யாரும் திரும்பவில்லை. கங்காணி இருளப்பன் தம்பிமேல் கண் வைத்துவிட்டான் என்று தெரிந்ததும் மாரியாத்தா திருவிழாவுக்குத் தம்பிக்குக் காப்புக் கட்டச் சொன்னது நான்தான். காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது, அவனை லாரியில் ஏற்றினால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்று கங்காணிக்கும் பயம். உன் அப்பாவைத்தான் தெரியுமே, வீடு பற்றி எரிந்தாலும் இங்கிலீஷ் வார்த்தைக்கு வேர் தேடுகிற வாத்தியார். காப்பைப் பார்த்ததும் இதுதான் லூப்ஹோல் என்றார். ஹோல் என்றால் ஓட்டை, லூப் என்பது அந்தக் காலத்தில் கோட்டைச் சுவரில் விட்ட ஒடுக்கமான சந்தாம், உள்ளே இருப்பவன் எதிரியைப் பார்க்கவும் அம்பு விடவும். எட்டிப்பார்ப்பது என்ற பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம், தப்பிக்கிற வழி என்ற அர்த்தமெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டதாம். "அதில் பார்க்கத்தான் முடியும், ஆள் நுழைய முடியாது" என்றார். எனக்கு எரிச்சல், வாயை மூடிக்கொண்டு கிழங்கை உரியுங்கள் என்றேன். ஆனால் அவர் சொன்னபடியே ஆயிற்று. காப்போடு தம்பியை உன்னிடம் அனுப்பவும் வழியில்லை, எல்லை தாண்டினால் கங்காணியே பிடித்துக் கொடுப்பான். கதவை நானே சாத்திக்கொண்டேன்.

நேற்று லாரி வந்தது. காப்புக் கட்டியவன் வேண்டாம், ஆனால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும் என்றான் கங்காணி. உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "எனக்குத்தான் யாரும் காப்புக் கட்டவில்லையே" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். இருமல் மருந்தைக்கூட எடுக்கவில்லை. காப்பை அறுத்துவிட்டு அப்பா பின்னால் ஓடுவேன் என்கிறான் தம்பி. அவன் கையை என் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இதைக் கொண்டுவரும் முனியாண்டி அண்ணனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடு, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஒன்று மட்டும் மனதில் வை. அப்பாவுடைய இங்கிலீஷ் அகராதியை ஜப்பான்காரன் கண்ணில் படாமல் துணியில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்திருக்கிறேன். அவர் வரும்போது நான் இல்லாவிட்டால் நீ தோண்டி எடுத்துக் கொடு.

உன் அம்மா
இராசாத்தி