மீன் பக்கத்துக் கணக்கு

ஜனவரி 8, திங்கள்
என் மகள் மலீஹாவுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு 19ஆம் தேதி, சென்னையில். ஆய்வேட்டை மடமடவென்று சொல்கிறாள். "கணிதம் தெரியாதவருக்கு விளக்குங்கள்" என்றால் மட்டும் வாயடைத்துப் போகிறாள். மாதிரித் தேர்வில் அழுதே விட்டாளாம். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார் நான். எனக்கே அவள் ஆராயும் 'மேட்ராய்டு' என்ற கணிதக் கருத்து பிடிபடவில்லை. எப்படி உதவுவது?

ஜனவரி 10, புதன்
உதாரணம் கிடைத்தது - வலை! வலை ஒரே துண்டாக நிற்க, அதிகபட்சம் எத்தனை நூலை வெட்டலாம்? ஏரியில் மீன் பிடிக்கும் பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் வேலியில் ஒரு வலைத்துண்டு கிடந்தது. ஒன்பது முடிச்சு, பன்னிரண்டு நூல், நூல்களுக்கு நடுவே நாலு கண்ணி. கண்ணிக்கு ஒன்றாக நாலு நூல் வெட்டலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டினேன். மூலை முடிச்சு கழன்று மடியில் விழுந்தது.
"இன்னா வாத்தியாரே! ஒட்டுப்போட வெச்சிருந்தத நாசம் பண்ணிட்டீங்களே!"
எண்ணிக்கை சரிதானே? எங்கே தப்பு?

ஜனவரி 11
மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜெயம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தாள்.
"மீன் பக்கத்துலேர்ந்து பாருங்க. எந்தக் கண்ணியில இருக்கிற மீனும் வெளிய ஏரிக்குப் போவணும். ஒண்ணுக்கு ஒரே வழிதான். அப்டி வெட்டுங்க."
நாலு வெட்டினாள். வலை நின்றது. நான் ஒரு கண்ணிக்கு இரண்டு வாசல் வைத்து, இன்னொன்றை அடைத்தே விட்டிருந்தேன்!
வெட்டாமல் விட்ட நூல்கள் முடிச்சுகளைச் சேர்க்கின்றன. வெட்டிய நூல்கள் கண்ணிகளை ஏரியோடு சேர்க்கின்றன. மறுபடி பக்கம் மாற்றினால் பழைய வலையே.
வீட்டில் சொன்னதும், "வாப்பா, என் ஆய்வுல வர்ற இருமை இதான்!" என்று குதித்தாள் மலீஹா.

ஜனவரி 14
அவள் ஆய்வின் மீதிப் பாதியும் புரிந்தது. வாடைக்காற்று படகைத் தெற்கே தள்ளுகிறது, நீரோட்டம் வடக்கே. வேகம் தெரியாது, திசை மட்டும் தெரியும். படகு எங்கே போகும்? தெற்கே, வடக்கே, இல்லை நின்ற இடத்திலேயே. ஒரே கூட்டலுக்கு மூன்று விடை! இப்படித் தளர்ந்த கணக்கிலும் மீன் பக்கம் உண்டா என்பதே அவள் ஆய்வு. உண்டாம்.

ஜனவரி 17
தேர்வுக்கு ஜெயம்மாவும் வருகிறாள். "என் வலை போவுது, நான் போவாமலா?"

ஜனவரி 19, வெள்ளி
முதல் கேள்வியே அந்த "கணிதம் தெரியாதவருக்கு விளக்குங்கள்"தான். மலீஹா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வலைத்துண்டை விரித்துப் பேச ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.
பார்வையாளர் கேட்கலாம் என்றதும் ஜெயம்மா கை தூக்கினாள். ஐயோ, என்ன கேட்பாளோ!
"கிழிஞ்ச வலைக்கும் இது ஆவுமா கண்ணு?"
"ஆகும் பெரிம்மா. கிழிசலும் ஒரு பெரிய கண்ணிதான்."
தேர்வாளர்களே கை தட்டினார்கள்.
திரும்பும் ரயிலில் முனைவர் மலீஹா ஜெயம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நாங்கள் இறங்க வேண்டிய பொன்னேரி வந்தது. எழுப்பப் போன என்னை ஜெயம்மா கண்ணாலேயே அதட்டினாள். எனக்கும் மனமில்லை. அடுத்த நிலையமான கவரைப்பேட்டையில் இறங்கி, எதிர் வண்டிக்குக் காத்திருந்து வந்தோம்.