மண்ணெண்ணெய் மீது போட்ட பழி

மரியே துணை

தண்ணீரூற்று
12.09.1998

அன்பு மகன் வின்சனுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் அப்பாவும் நானும் நடமாடித் திரிகிறோம், நீயும் அந்தச் சுவிஸ் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை மகன். இந்த வீட்டில் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லாம் அந்தக் கோதாரி விழுந்த மொறிஸ் மைனர் காரால் வந்த வினை.

பக்கத்து வளவு நேசமலருக்குப் போன மாதம் பிள்ளைப்பேற்று வலி தொடங்கி, அப்பாதான் காரில் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டார், நான் அவளைப் பிடித்துக்கொண்டு பின் சீற்றில் இருந்தேன். இங்கே பெற்றோலுக்குத் தடை, போத்தலில் வைத்திருக்கிற சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவதுதான் எல்லாருடைய வழக்கமும். அன்றைக்குக் காட்டு றோட்டில் கார் நின்றுவிட்டது. பெற்றோலைப் பீச்சினால் ஸ்ராட் வரும், கொஞ்சம் ஓடும், பிறகு செத்துப்போகும். மண்ணெண்ணெயில் தண்ணி, கடைக்கார அப்புத்துரை கலந்து வித்துப்போட்டான் என்று அப்பா கத்திக்கொண்டு காபரேற்றரைக் கழற்றி ஊதினார், பூட்டினார், திரும்பவும் கழற்றினார். எனக்கென்றால் வேறொன்று பட்டது. சாவியைத் திருப்பினால் எண்ணெயை இழுத்துக் கொடுக்கிற அந்தக் கரண்ட் பம்ப் பொனற்றுக்குள் டிக் டிக் என்று அடிக்குமே, அது அடிக்கவில்லை. இஞ்சருங்கோ, பம்ப் அடிக்கேல்லை, அதைப் பாருங்கோ என்றேன். அவர் சாவியைத் திருப்பித் தலையைச் சரித்து நின்றுவிட்டு, வடிவா அடிக்குது, எனக்குக் கேக்குது, நீ வாயைப் பொத்திக்கொண்டு இரு என்றார். கார் ஓட்டுகிற மனிசன் சொல்கிறார், நேசமலரும் குழறுகிறாள், நான் என்னத்தைச் சொல்ல? கடைசியில் வழியால் வந்த உழவு மெசின் ஒன்றில்தான் அவளை ஏற்றினோம். பிள்ளை தங்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளை.

அதற்குப் பிறகு ஊரே அப்புத்துரையில் பாய்ந்தது. அப்பா சந்தியில் நின்று அந்த மனிசனைத் திட்டாத திட்டில்லை, நேசமலரின் புருசன் போய்க் கடையிலிருந்த மண்ணெண்ணெய்ப் பரலைக் கவிட்டு ஊற்றினான். அப்புத்துரை கடையைப் பூட்டிவிட்டுத் துணுக்காயில் மகளிடம் போய்விட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. காரின் பின் லைற் பல்பைக் கழற்றி இரண்டு வயரைக் கட்டி அப்பாவின் கையில் கொடுத்து, எனக்காக ஒருக்கால் பாருங்கோ என்று விடாப்பிடியாக நின்றேன். பம்புக்கு வருகிற வயரில் ஒரு நுனியையும் காரின் தகட்டில் மற்றதையும் வைத்தார், பல்ப் எரிந்தது. தகட்டிலிருந்து எடுத்துப் பம்பின் உடம்பில் வைத்தார், எரியவில்லை. கரண்ட் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. பம்பைத் தகட்டோடு இணைக்கிற எர்த் வயர் உப்புக் காற்றில் பச்சை பிடித்து உக்கிப்போயிருந்தது. இடத்தைச் சுரண்டி வேறு வயர் போட்டவுடனே டிக் டிக் என்று அடித்தது பார், நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்து, அடிக்குதோ என்று கேட்டார். கேட்டுவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போன வரியம் கிபிர்ப் பிளேன் வந்து பின் வளவுக்குள் குண்டு போட்டதிலிருந்து அவருக்குக் காது கேட்பதில்லை மகன். இவ்வளவு நாளும் எங்களுடைய வாயைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார், கட்டின பெண்சாதி எனக்கே தெரியாது! போய் அப்புத்துரையிடமும் நேசமலரிடமும் சொல்லுங்கோ என்று காதுக்குள் கத்தினேன். செவிடன் எண்டு தெரிஞ்சால் ஆர் என்ர காரில ஏறுவினம் என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே நேசமலரிடம் போய்ச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். அப்பா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. அப்புத்துரைக்கு ஆள் விட்டிருக்கிறேன், வருவாரோ தெரியாது, அவருடைய இடத்தில் நானென்றால் வரமாட்டேன்.

நீயும் அப்பாவோடு கோபம் என்று எனக்குத் தெரியும். வைகாசியில் அவர் பயணப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய் உன்னோடு போனில் கதைத்தபோது, எனக்கு இஞ்ச இருக்க ஏலாதப்பா, திரும்பி வரட்டோ என்று நீ அழுததாகவும், அவர் ஓம் ஓம், நல்லம், அப்பிடியே இரு என்று சொல்லி வைத்துவிட்டதாகவும், இரக்கமில்லாத மனிசன் என்றும் எழுதியிருந்தாய். தம்பி, அன்றைக்கு அவர் படலையைத் திறக்கும்போதே, அவன் நல்ல சந்தோசமா இருக்கிறான், சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவன் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. வேளைக்குச் சாப்பிடு, பூசையை விடாதே. நீ அழுததை இனி அவருக்குப் பெயர் போட்டுக் கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
கி. யூலிற்றா