மஞ்சள் காகிதம் சுற்றிய விளக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, கம்பெனி விளக்கையெல்லாம் பார்க்கிறவர் வீட்டுக் குழாயை மட்டும் பார்க்க மாட்டார் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறாள். நெட் சரியில்லை என்று சொல்லிச் சொல்லி வீடியோவில் வராமல் இருந்தேனே, அது பொய். உனக்கு முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது.

சின்ன வயதில் எங்கள் கம்பெனியின் மஞ்சள் அறையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாய். டிவி, போன் திரைக்கான கண்ணாடியில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசுவார்கள், வெளிச்சம் பட்டால் மாறுகிற பூச்சு. மெஷினில் ஒரே திசையில் அதிரும் புற ஊதாக் கதிரைக் காட்டினால் பூச்சும் ஒரு திசை பிடித்துக்கொள்ளும், மேலே விடுகிற திரவப் படிகம் அந்தத் திசையில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். முன்பு துணி சுற்றிய உருளையால் தேய்த்துத்தான் திசை வைத்தார்கள், தூசி வருகிறதென்று விட்டுவிட்டார்கள். ஆனால் மெஷினுக்குப் போகும் முன்பே வேறு வெளிச்சம் பட்டுவிட்டால் இந்தப் பூச்சு சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால்தான் அங்கே பூச்சைக் கெடுக்காத மஞ்சள் விளக்கு. போன மாதம் அதில் ஒன்று போய்விட்டது, மாற்று வரவில்லை. ஒரு லைட்டுக்காக லைனை நிறுத்த முடியுமா, நீங்க சீனியர், ஏதாவது பண்ணுங்க என்றான் மேனேஜர். நான் சாதாரண டியூப்பை மாட்டி, பரிசுப் பொருள் சுற்றும் மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிவிட்டேன். பார்க்க அச்சு அசல் அதே மஞ்சள். கண்ணுக்குத்தான் மஞ்சள், டியூப்பின் புற ஊதா காகிதத்தைத் தாண்டி வந்துவிடும், பூச்சுக்கு அது வெள்ளைதான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். புது விளக்கு வரும்வரை ஒப்பேறிவிடும் என்று நினைத்தேன்.

ஒப்பேறவில்லை. கறுப்பாக இருக்கவேண்டிய திரைகளில் பால் கொட்டித் துடைத்த மாதிரி வெளுப்பு. அதற்குள் புது விளக்கு வந்துவிட்டது, காகிதத்தைக் கழற்றிவிட்டேன். விசாரணை வைத்தார்கள். லைன் நிற்கும்போது மட்டும் போடுகிற வெள்ளை லைட்டின் சுவிட்சைத் தரை துடைக்கும் அம்மாள் போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். அங்கே காலி நாற்காலி கிடந்தது, அவளை உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. நான் அந்தச் சுவிட்சைத் தொட்டதே இல்ல, அண்ணனைக் கேளுங்க என்று என்னைக் காட்டினாள். என்னைக் கேட்டார்கள். லைட்ல ஒரு குறையும் இல்ல சார் என்றேன். அன்றே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவன் அதிரவே இல்லை. எங்களுக்கும் தெரியும்ணே, அவங்க காண்ட்ராக்ட், வேற எங்கயாவது துடைச்சுக்குவாங்க, நீங்க பெர்மனென்ட், ஏன் தலையைக் கொடுக்கறீங்க, டீ சாப்பிடுங்க என்றான். குடித்தேன் பாப்பா. சர்க்கரை போதுமா என்று கேட்டான், போதும் என்றேன். அழுக்கைத் துடைக்கவும் அவள், அடுத்தவன் அழுக்கைச் சுமக்கவும் அவள், அதற்குத்தான் காண்ட்ராக்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் இதையே முன்வரிசையில் நின்று கத்தியவன் நான்.

நேற்று பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். ஒளிய இடமில்லை. வேறொரு இடத்தில் வேலை கேட்டிருக்கிறாளாம், நல்லவள் என்று யாராவது சொல்ல வேண்டுமாம். உங்கள மாதிரி நேர்மையானவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ணே என்றாள். அந்த ரூம விட்டு வந்தும் உலகமே மஞ்சளாத்தான் தெரியுது என்று சிரிப்பு வேறு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். புது வேலை வாங்கித் தர்றது இருக்கட்டும், இருந்த வேலைய யார் பிடுங்கினதுன்னு அவகிட்ட சொன்னீங்களா என்று கேட்டாள்.

அந்தக் காகிதத்தை நான் எறியவில்லை. இன்று காலை அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, தண்ணீர் வேணுமா என்றும் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கட்கிழமை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் டியூப்பில் அந்தக் காகிதத்தைச் சுற்றிக் காட்டப்போகிறேன். என் வேலை போகலாம். என் அப்பா வளையாத மனுஷர் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லுவாயே, அதைக் கொஞ்சநாள் நிறுத்தி வை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். உன் ஆபீசில் துடைக்க வருகிறவருக்கு உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்று பார். ஆசி சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை, அம்மாவின் ஆசி முழுவதும் உனக்கு. திங்கள் சாயங்காலம் மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. அந்த அம்மாள் எனக்குக் கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், நான் முகத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா