ஓரமாகத்தான் போனேன், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்ட மாட்டேன். அம்மாவுக்குப் பயந்து எதையும் குறைக்கவும் மாட்டேன். அம்மா போனில் உங்களிடம், "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா" என்று மட்டும் சொன்னது எனக்குத் தெரியும். நானாக விழவில்லை.

இடது மணிக்கட்டில் விரிசல், மூன்று வாரம் கட்டு. வலது கை நன்றாக இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நிறுத்தி வைத்திருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளி ஓட்டுவதுதான் என் வழக்கம். நூலகத்திலுள்ள சாலை விதிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் முந்தின வாரம் போனில் நீங்கள், "நடுரோட்டுல என்னடி ஊர்வலம்? ஓரமாப் போ" என்றீர்கள். அம்மாவும் அதையே சொன்னாள். சரி, பெரியவர்கள் சொல்கிறார்களே என்று செவ்வாய்க்கிழமை கார்களை ஒட்டி ஓரமாகப் போனேன். மருந்துக்கடை வாசலில் நின்ற வெள்ளைக் காரின் கதவு திடீரென்று திறந்தது. மோதிய வேகத்தில் நடுரோட்டில் கிடந்தேன். பின்னால் வந்த லாரி என் செருப்புக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது.

காரிலிருந்து இறங்கியவர் யார் தெரியுமா? நம் தெருமுனையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாரே, அவரேதான்! முதலில் கதவைத்தான் தடவிப் பார்த்தார். பிறகு கூடியிருந்தவர்களிடம், "பெல்லு கில்லு அடிக்காம வந்தா நமக்கு எப்படிங்க தெரியும்?" என்று நியாயம் கேட்டார். காருக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு நான் ஏன் பெல் அடிக்க வேண்டும்? விருந்துக்கா வந்தேன்? கூட்டத்தில் ஒருவர், "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று தலையாட்டிவிட்டுப் போனார். என் கையைப் பற்றி இருவரும் கேட்கவில்லை.

என்னைத் தூக்கி உட்கார வைத்தவர் லாரி டிரைவர், உங்களைப் போன்ற ஒருவர். "பாப்பா, நான் மட்டும் இன்னும் கொஞ்சம் ஒட்டி வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், மீதியைச் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இனி வருவதை நம்பக் கஷ்டமாக இருக்கும். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில், சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு பற்றிய சொற்பொழிவு. பேச வந்தவர் அதே மனிதர். பூங்கொத்து வேறு! ஒரு மணி நேரம் பேசினார். பளிச்சென்ற உடை போட வேண்டுமாம், ஓரமாகப் போக வேண்டுமாம், "வண்டிக்காரங்களுக்கு ஆயிரம் அவசரம் இருக்கும், நீங்கதான் விட்டுக் கொடுக்கணும்" என்றார். கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. கார் என்பது மழை போலத் தானாக வருவது, நாங்கள்தான் குடை கொண்டு வர வேண்டும் என்பது போன்ற பேச்சு.

நான் எழுந்து, "சார், இறங்கும்போது எந்தக் கையால கதவைத் திறக்கணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "கதவுப் பக்கத்துக் கையாலதான். இதுல என்னம்மா சந்தேகம்?" என்றார். கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் திறக்க வேண்டும், அப்போதுதான் உடம்பு திரும்பி, பின்னால் வருகிறவர்கள் கண்ணில் படுவார்கள் என்று புத்தகத்தின் பக்க எண்ணோடு சொன்னேன். பின்வரிசையில் யாரோ, "ஏய், இவ கைய உடைச்சதே இவர்தான்டி" என்றதும் அரங்கம் முழுக்கச் சிரிப்பு. தலைமையாசிரியை என்னைத்தான் அதிகப்பிரசங்கி என்று திட்டி உட்கார வைத்தார். அந்த மனிதர் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார், அப்பா. அந்தப் பாதிப் பேரின் கதவுகளை ஒட்டித்தான் என்னை ஓரமாகப் போகச் சொல்கிறார்கள்.

அம்மா சைக்கிளைப் பூட்டிச் சாவியை பீரோவில் வைத்துவிட்டாள். "உங்கப்பா சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறாள். நடந்து போனால் காலை ஏழு மணி அறிவியல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியாது. நூலகத்தில் எனக்கு அரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது. கட்டுப் பிரித்ததும் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள். கார்களை விட்டுத் தள்ளித்தான் ஓட்டுவேன். அதற்கும் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று. போன தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது, சைக்கிள்காரர்களின் பின்னால் நெருங்கி ஹாரன் அடித்தால் அவர்கள் எப்படித் துள்ளி ஓரம் போவார்கள் என்று நடித்துக் காட்டினீர்கள். "கொசுங்க" என்றீர்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அங்கே உங்கள் லாரிக்கு முன்னால் யாராவது சைக்கிளில் போனால், ஹாரன் அடிக்காமல், நிறைய இடம் விட்டுப் பின்னால் வாருங்கள், அப்பா. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று தினமும் நினைக்கும்,
உங்கள் மகள்

பி.கு: நூலகத்தில் இருந்துதான் எழுதுகிறேன். நூலகர் ஒவ்வொரு வரிசையாக விளக்குகளை அணைத்துக்கொண்டு வருகிறார். இப்போது என் மேசைக்கு மேலே இருந்த விளக்கையும் அணைத்துவிட்டார்.